இருநூறு தொடக்கங்கள், ஆறு பாடல்கள்: ஒரு பகுதிநேர இசைக்குழுவின் ஓராண்டுப் பதிவு

## பின்னணி

ஐந்து பேர் கொண்ட இசைக்குழு. யாருக்கும் இசை தொழில் அல்ல. கிட்டார் வாசிப்பவர் கணக்காளர். கீபோர்டு வாசிப்பவர் மென்பொருள் துறையில் இருக்கிறார். பாடகி செவிலியர், இரவுப் பணியும் உண்டு. தாளம் வாசிப்பவர் ஒரு கிடங்கின் மேற்பார்வையாளர். பாட்டு எழுதும் ஐந்தாமவர் பள்ளி ஆசிரியை. அவர் வாத்தியம் எதுவும் வாசிப்பதில்லை. ஆனால் ஒரு மெட்டை இரண்டு முறை கேட்டால் அதன் சந்தத்தைப் பிடித்துவிடுவார். மூன்று ஆண்டுகளாக ஞாயிறு மாலைகளில் கீபோர்டுக்காரரின் வீட்டில் இவர்கள் கூடி வந்தார்கள்.

முதலில் கூடியது பிறர் பாடல்களை வாசிக்கத்தான். சில மாதங்களில் சொந்தமாகப் பாட்டுக் கட்ட வேண்டும் என்ற ஆசை வந்தது. மூன்றாம் ஆண்டு முடிவில் எண்ணிப் பார்த்தபோது, முதலிலிருந்து கடைசிவரை நிறுத்தாமல் பாடக்கூடிய சொந்தப் பாடல்கள் ஆறு தேறின. ஐந்து பேர் சேர்ந்து ஆண்டுக்கு இரண்டு.

இதற்கு எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: நேரமில்லை. பாடகி மட்டும் அதை நம்பவில்லை. வாரந்தோறும் மூன்று மணி நேரம் உட்காருகிறோமே, அது எங்கே போகிறது என்று கேட்டார். இசை கற்பிப்பவன் என்ற வகையில் அவருக்கு என்னைத் தெரியும். வெளியாள் ஒருவர் உட்கார்ந்து கவனித்தால் ஏதாவது புலப்படும் என்று அழைத்தார். கேட்பது, குறிப்பது, கேள்வி எழுப்புவது ஆகியவை என் வேலை. பாட்டில் கை வைப்பதில்லை என்று பேசிக்கொண்டோம். அந்த ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை நடந்ததைத்தான் இங்கே பதிவு செய்கிறேன். ஐவரும் சம்மதித்திருக்கிறார்கள், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

## ஆறு என்பது குறைவா?

முதல் சந்திப்பில் இதைத்தான் பேச வேண்டியிருந்தது. அவர்கள் தங்களை ஒப்பிட்டுக்கொண்டது முழுநேர இசையமைப்பாளர்களோடு. அது பொருந்தாத அளவுகோல். அதே நேரம், வேறு வேலை பார்த்தபடி பாட்டுக் கட்டியவர்களின் கணக்கும் ஒரே மாதிரி இல்லை.

அமெரிக்க இசையமைப்பாளர் சார்லஸ் ஐவ்ஸ் வாழ்நாளின் பெரும்பகுதி காப்பீட்டுத் தொழிலில் இருந்தவர். 1922-ல் தன் பாடல்களில் 114-ஐத் தொகுத்துச் சொந்தச் செலவில் அச்சிட்டார். அவை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்தவை. வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு மூன்று, நான்குதான் வரும். பாடல்களைத் தவிர சிம்பொனிகள் முதலியவற்றையும் அவர் எழுதினார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மறுமுனையில் ஃபிரான்ஸ் ஷூபர்ட் இருக்கிறார். 1815-ல், தந்தையின் பள்ளியில் உதவி ஆசிரியராக இருந்தபோது, அந்த ஓர் ஆண்டில் மட்டும் 140-க்கும் மேற்பட்ட பாடல்களை எழுதினார். அப்போது அவருக்கு வயது 18.

ஷூபர்ட்டின் எண்ணைக் கேட்டதும் கிட்டார்காரர் சோர்ந்துவிட்டார். ஆனால் அதில் கவனிக்க வேண்டியது வேறு. ஷூபர்ட் வரிகளுக்காகக் காத்திருக்கவில்லை. கோத்தே முதலிய கவிஞர்களின் கவிதைகள் அச்சில் ஆயத்தமாக இருந்தன. எடுத்து வைத்து மெட்டமைத்தார். நம் குழுவிலோ மெட்டு முதலில் வரும், வரிகளுக்காக அது கிடக்கும். இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது.

## கவனித்தவை

ஐவரின் கைப்பேசிகளிலும் கணினிகளிலும் கிடந்த ஒலிப்பதிவுகளையெல்லாம் ஒரே இடத்தில் கொண்டுவந்து போடச் சொன்னேன். இருநூறுக்கும் மேல் சேர்ந்தன. குழுவே திகைத்தது. தங்களிடம் யோசனைகள் வற்றிவிட்டன என்று எண்ணியிருந்தவர்கள் அவர்கள்.

ஒவ்வொன்றையும் கேட்டு நான்கு விவரங்களைக் குறித்தோம்: எவ்வளவு நீளம், பல்லவி முழுதாக இருக்கிறதா, சரணம் இருக்கிறதா, வரிகள் இருக்கின்றனவா. பெரும்பாலானவை ஒரு நிமிடத்துக்கும் குறைவு. பல்லவி மெட்டு மட்டும், அதுவும் 'தன்னான தானன' என்ற தத்தகாரத்தில். சரணம் வரை போனவை சுமார் முப்பது. இரண்டாம் சரணத்துக்கு வரிகள் உள்ளவை முடிந்த அந்த ஆறு பாடல்களைத் தவிர இரண்டே.

பதிவான நேரமும் ஒன்றைக் காட்டியது. ஏறக்குறைய எல்லாமே வார நாள்களில் இரவு பத்து மணிக்குப் பிறகு தனித்தனியாகப் பதிவானவை. ஞாயிறு மாலைப் பதிவுகள் மிகக் குறைவு. அப்படியானால் அந்த மூன்று மணி நேரத்தில் என்ன நடந்தது? மூன்று ஞாயிறுகள் உட்கார்ந்து பார்த்தேன். முடிந்த ஆறு பாடல்களை மறுபடி மறுபடி வாசித்தார்கள். அடுத்ததாக, கீபோர்டுக்காரரின் கணினியைச் சுற்றி உட்கார்ந்து, பாதிப் பாடலுக்கு டிரம் ஒலி தேர்ந்தெடுத்தார்கள். ஒரு ஞாயிறில் ஒரு ஸ்னேர் டிரம் ஒலிக்காகவே ஏறத்தாழ ஒரு மணி நேரம் போனது. அந்தப் பாடலுக்குச் சரணம் இன்னும் பிறந்திருக்கவில்லை.

அந்தக் கணினியில் ஒரே பாடலின் கோப்புகள் 'கடைசி', 'கடைசி புதியது', 'இதுதான் கடைசி' என்ற பெயர்களில் வரிசையாக இருந்தன. எந்தப் பகுதிநேர இசைக்காரரின் கணினியைத் திறந்தாலும் இப்படி ஒரு வரிசையைக் காணலாம் என்பது என் அனுபவம்.

இதை நான் சோம்பலாகப் பார்க்கவில்லை. ஒலியைச் சீர்செய்வது உடனே பலன் தருகிற வேலை. பொத்தானைத் திருப்பினால் மாற்றம் காதில் விழுகிறது. இரண்டாம் சரணம் அப்படிப்பட்டதல்ல. முதல் சரணத்திலேயே சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட்ட பிறகு இன்னும் என்ன சொல்வது என்ற கேள்வி அங்கே நிற்கிறது. யாரும் அதை விரும்பிச் சந்திப்பதில்லை. கருவியும் இதற்குத் துணை போகிறது. 1979-ல் டியாக் நிறுவனம் சாதாரண கேசட்டில் நான்கு டிராக் (தனித்தனி ஒலித்தடம்) பதிவு செய்யும் போர்ட்டாஸ்டுடியோவைக் கொண்டுவந்தபோது வீட்டிலேயே பாட்டுப் பதிவது எளிதானது. ஆனால் நான்கு டிராக் நிரம்பியதும் முடிவெடுத்தே ஆக வேண்டியிருந்தது. இன்றைய மென்பொருளில் அந்தக் கட்டாயம் இல்லை. எவ்வளவு வேண்டுமானாலும் அடுக்கலாம், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

இன்னொரு அடைப்பு ஆசிரியையிடம் இருந்தது. நான்கு பேரும் தத்தகாரப் பதிவுகளை அவருக்கே அனுப்பினார்கள். அவர் கைப்பேசியில் எழுதப்படாமல் கிடந்தவை மட்டும் நாற்பதுக்கு மேல். எதை முதலில் எழுதுவது என்று யாரும் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்ததில் பாதி, மெட்டு மாறிவிட்டது என்று திரும்பி வந்தது. அவர் எரிச்சலை வெளியே காட்டவில்லை; எழுதுவதை மட்டும் குறைத்துக்கொண்டார். குழு இதை அவருக்கு வேலைச் சுமை என்று புரிந்துகொண்டிருந்தது.

கடைசியாக, முடிந்த ஆறு பாடல்கள் ஏன் முடிந்தன என்று பார்த்தோம். நான்குக்கு வெளியிலிருந்து ஒரு தேதி வந்திருந்தது: ஒரு நண்பரின் திருமணம், ஓர் அலுவலகப் பிரிவு உபசாரம், இரண்டு சிறிய மேடைகள். ஐந்தாவது, மெட்டும் வரியும் ஒரே மாலையில் இருவர் உட்கார்ந்து செய்தது. ஆறாவதுக்குக் காரணம் எதுவும் பிடிபடவில்லை. அது வந்தது, அவ்வளவுதான்.

## எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

தேதி வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு முன்னோடி உண்டு. பர் செட்டில்ஸ் என்ற அமெரிக்கக் கணினி அறிவியலாளர் 2004-ல் நண்பர்கள் சிலருடன் தொடங்கிய 'பிப்ரவரி ஆல்பம் ரைட்டிங் மன்த்' என்ற சவாலில், 28 நாள்களில் 14 பாடல்கள் எழுத வேண்டும். இரண்டு நாளுக்கு ஒரு பாடல். பின்னாளில் பல நாடுகளிலிருந்தும் பகுதிநேரப் பாடலாசிரியர்கள் அதில் சேர்ந்தார்கள். நம் குழு அந்த 14-ஐ எடுத்துக்கொண்டது. ஆனால் ஆளுக்கு 14 அல்ல, ஐவருக்கும் சேர்த்து. கிட்டார்காரர் மட்டும் தனக்கென்று 14 வைத்துக்கொள்வேன் என்றார். தடுக்கவில்லை. வெவ்வேறு இலக்குகள் ஒரே வீட்டில் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்கலாம் என்பது என் எண்ணம்.

அதிகம் வாதாடியது, 'முடிந்த பாடல்' என்றால் என்ன என்பதில்தான். கடைசியில் ஒப்புக்கொண்டது இது: பல்லவி ஒன்று, வரிகளோடு இரண்டு சரணங்கள், ஒரு குரல், ஒரு வாத்தியம், நிறுத்தாமல் ஒரு முறை கைப்பேசியில் பதிவு. இவ்வளவு இருந்தால் பாடல் முடிந்தது. பிப்ரவரியில் கணினியில் பதிவு கிடையாது, மிக்ஸிங் (பதிந்த ஒலிகளைக் கலந்து சமன்செய்வது) கிடையாது. கீபோர்டுக்காரர் இதைக் கடுமையாக எதிர்த்தார். அவருக்கு ஒலியும் பாட்டும் வேறு வேறு அல்ல. ஒலி சரியாக அமைந்தால்தான் அடுத்த வரி எங்கே போக வேண்டும் என்பது தெரியும் என்றார். அது நியாயமான வாதம். அப்படி வேலை செய்து நல்ல பாடல்கள் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மூன்று ஆண்டுகள் அந்த வழியை முயன்றாகிவிட்டது. ஒரு மாதம் மறுவழியைப் பார்ப்போம் என்று மற்ற நால்வரும் சொன்னதால் இசைந்தார்.

ஆசிரியையின் சுமைக்கு இரண்டு மாற்றங்கள். மெட்டுப் போடுகிறவரே பல்லவிக்கும் முதல் சரணத்துக்கும் வரிகள் எழுதிப் பார்க்க வேண்டும். மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. பதிலுக்கு, ஆசிரியை தானே எழுதிய வரிகளை வாரம் இரண்டு குழுவின் முன் வைப்பார். விரும்புகிறவர் அதற்கு மெட்டமைக்கலாம். இதற்கு ஓர் ஆய்வின் துணையும் கிடைத்தது. செட்டில்ஸும் ஆய்வாளர் ஸ்டீவன் டோவும் அந்தப் பிப்ரவரி சவாலில் சேர்ந்தவர்களின் கூட்டுப் பாடல்களை ஆராய்ந்து 2013-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இருவரும் சம அளவில் உழைத்ததாக இருவருக்குமே தோன்றுவது கூட்டு முயற்சியின் வெற்றிக்கு உதவுகிறது என்பது அதன் முடிவுகளில் ஒன்று. ஆசிரியைக்கு அப்படித் தோன்ற மூன்று ஆண்டுகளில் வாய்ப்பே இருந்ததில்லை.

பழைய துண்டுகளை என்ன செய்வது என்பதில் ஒரு சமரசம் ஏற்பட்டது. ஆளுக்கு இரண்டு பழைய துண்டுகளை எடுக்கலாம். மற்றவை மாதம் முடியும்வரை திறக்கப்படாது. பழைய துண்டு ஒவ்வொன்றோடும் இது பெரிதாக வரும் என்ற எதிர்பார்ப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டாலே கை நடுங்கியது.

விமர்சனத்துக்கும் ஒரு விதி வகுத்தோம். ஞாயிறன்று புதுப் பாடலைக் கேட்டதும் ஒரே கேள்வி: எது நினைவில் நின்றது? குறை சொல்வதை மார்ச்சுக்குத் தள்ளினோம்.

## பிப்ரவரி

முதல் வாரம் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் போனது. கிட்டார்காரர் நான்கு பாடல்களை முடித்தார். ஆசிரியையின் வரிகளில் ஒன்றுக்குப் பாடகி ஒரே இரவில் மெட்டமைத்தார். தாளக்காரர் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பல்லவி எழுதி, கூச்சத்தோடு பாடிக் காட்டினார். கீபோர்டுக்காரர் எதையும் கொண்டுவரவில்லை.

இரண்டாம் வாரத்தில் தேக்கம். பாடகிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இரவுப் பணியும் சேர்ந்தது. ஆசிரியைக்குத் தேர்வுத்தாள் திருத்தும் வேலை. கிட்டார்காரர் மட்டும் மூன்று பாடல்கள் கொண்டுவந்தார். அவற்றைக் கேட்டதும் அறையில் ஓர் அமைதி. 'எது நினைவில் நின்றது?' என்ற கேள்விக்குத் தாளக்காரர், "போன வாரப் பாட்டுதான் நினைவுக்கு வருகிறது" என்றார். விதியை மீறாமல் சொல்லப்பட்ட விமர்சனம் அது. ஏழு பாடல்களில் ஐந்து ஒரே கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டில்) தொடங்கின, ஒரே வேகத்தில் நடந்தன, பல்லவியின் மூன்றாம் வரியில் ஒரே இடத்தில் ஏறின.

கிட்டார்காரர் புண்பட்டார், இரண்டு நாள் எதுவும் செய்யவில்லை. பிறகு கிட்டாரை ஒதுக்கிவிட்டு, நடந்துகொண்டே வாயால் மெட்டுப் போடத் தொடங்கினார். அப்படி வந்தது இரண்டே பாடல்கள். மாத முடிவில் அவர் எண்ணிக்கை ஒன்பது. அவர் வைத்த இலக்கு 14. விரலுக்குப் பழகிய வழி மெட்டை இழுத்துச் செல்கிறது என்பது வாத்தியக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எண்ணிக்கை கூடும்போதுதான் அது மறைக்க முடியாதபடி வெளியே தெரிகிறது. ஆண்டுக்கு ஒரு பாடல் எழுதுகிறவர் தன்னைத் திரும்பச் சொல்கிறார் என்பதைக் கண்டுபிடிக்கப் பத்தாண்டுகள் ஆகும்.

பாடகியின் மூன்றாம் வாரம்தான் இந்தப் பதிவிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தொண்டை முழுதாகத் திரும்பவில்லை. மேல் ஸ்தாயி போக முடியவில்லை. வழக்கமாக அவர் மெட்டுகள் சரணத்தில் மேலே ஏறி நின்று இறங்கும். இம்முறை ஐந்தாறு ஸ்வரங்களுக்குள்ளேயே மெட்டைச் சுற்ற வேண்டியிருந்தது. ஏற்றம் இல்லாத குறையை ஈடுகட்ட, சொல்லின் நடையையும் இடைவெளியையும் நம்பினார். சரணத்தின் கடைசி வரியைப் பாதியில் நிறுத்திப் பல்லவிக்கு வந்தார். அந்தப் பாடலைத்தான் குழுவில் ஐவரும் பாட முடிந்தது. அதுவரை அவர் செய்த பாடல்களைப் பாட அவர் ஒருவரால்தான் முடிந்திருந்தது.

நான்காம் வாரம் அவசரத்தில் போனது. கீபோர்டுக்காரர் கடைசி நாளில் ஒரு பாடல் கொடுத்தார். பழைய துண்டு ஒன்றை எடுத்து இரண்டு சரணங்களையும் முடித்தது. விதிக்காக முடித்தேன், எனக்குத் திருப்தியில்லை என்றார். தாளக்காரரின் பாடலும் முடிந்தது. அது சுமாரான பாடல், அவரும் அப்படித்தான் சொல்வார். ஆசிரியை தன் வரிகளுக்குத் தானே வாயால் மெட்டமைத்து மூன்று பாடல்கள் கொடுத்திருந்தார். இதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

மொத்தம் 17. கிட்டார்காரர் ஒன்பது, பாடகி மூன்று, ஆசிரியை மூன்று, மற்ற இருவரும் ஆளுக்கு ஒன்று.

## மார்ச்சும் ஏப்ரலும்: தரம் குறைந்ததா?

மூன்று ஆண்டுகளில் ஆறு, ஒரு மாதத்தில் 17. அவசரத்தில் செய்தது மட்டமாகத்தான் இருக்கும் என்பது கீபோர்டுக்காரரின் வாதம். அதைச் சோதிக்க ஒரு எளிய வழி பார்த்தோம். 23 பாடல்களையும் ஒரே மாதிரி, ஒரு குரல் ஒரு வாத்தியமாகக் கைப்பேசியில் பதிந்து, பழையது புதியது தெரியாதபடி கலந்து, குழுவின் பாடல்களை முன்பு கேட்டிராத பத்துப் பேரிடம் கொடுத்தோம். மறுபடி கேட்க விரும்பும் பாடல்களைக் குறிக்கச் சொன்னோம். பாதிப் பேராவது குறித்தவை ஏழு: பழையதில் இரண்டு, புதியதில் ஐந்து. விகிதம் ஏறக்குறைய ஒன்றே.

பத்துப் பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது. வந்தவர்கள் உறவினர்களும் அலுவலக நண்பர்களும். மரியாதைக்காகக் கூடுதலாகவே குறித்திருப்பார்கள். ஆனாலும் இந்த விகிதம் எனக்கு வியப்பாக இல்லை. படைப்பாளிகளின் வாழ்நாள் உழைப்பைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த உளவியலாளர் டீன் கீத் சைமன்டன், ஒருவரின் நல்ல படைப்புகளின் எண்ணிக்கை பெரும்பாலும் அவர் செய்த மொத்தப் படைப்புகளின் எண்ணிக்கையோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது என்று வாதிட்டவர். அதிகம் செய்கிறவரிடம் நல்லதும் அதிகம், மட்டமானதும் அதிகம். அவர் ஆராய்ந்தவர்கள் பெரும் புகழ் பெற்றவர்கள். ஞாயிற்றுக்கிழமை இசைக்குழுவுக்கு அது அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன்.

தேர்வான ஐந்து புதுப் பாடல்களில் பாடகியின் தொண்டைக்கட்டுப் பாடல் முதலில் வந்தது. கிட்டார்காரரின் ஒன்பதில் இரண்டு தேறின. இரண்டுமே நடந்துகொண்டே போட்டவை. ஆசிரியையின் பாடல்களில் இரண்டு. கீபோர்டுக்காரர் திருப்தியில்லை என்று கொடுத்ததை மூன்று பேர் குறித்திருந்தார்கள். அவர் இதை நம்ப மறுத்தார்.

மார்ச்சில் திருத்தம் தொடங்கியதும் ஓர் எதிர்பாராத சிக்கல் முளைத்தது. பாடல் யாருடையது? ஆசிரியையின் வரிகளுக்குப் பாடகி போட்ட மெட்டில், தாளக்காரர் சொன்ன ஒரு நிறுத்தம் சேர்ந்திருந்தது. முன்பெல்லாம் எழுந்திராத கேள்வி. அப்போது பங்கு பிரிக்கப் பாடல்கள் இல்லை. வரிக்குப் பாதி, மெட்டுக்குப் பாதி, ஆலோசனைக்கு நன்றி மட்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டார்கள். பணம் வராத பாடல்களுக்கு இது எதற்கு என்று சிரித்தவர்களும் கையெழுத்திட்டார்கள்.

## பிறகு நடந்தது

பிப்ரவரியின் வேகம் நிலைக்கவில்லை. அப்படி நிலைக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவும் கூடாது. மார்ச் முதல் டிசம்பர் வரையிலான பத்து மாதங்களில் முடிந்த புதுப் பாடல்கள் எட்டு. மாதத்துக்கு ஒன்றுகூட இல்லை. பழைய கணக்கான ஆண்டுக்கு இரண்டோடு ஒப்பிட்டால் நான்கு மடங்கு.

அந்த எட்டு எங்கிருந்து வந்தன என்பதில் நிறைய இருக்கிறது. பாடகி நான்கு, ஆசிரியை இரண்டு, கிட்டார்காரர் இரண்டு. கிட்டார்காரரின் இரண்டும் அக்டோபர் தொடங்கிய பிறகு வந்தவை. பிப்ரவரிக்குப் பின் ஏழு மாதம் அவர் ஒன்றும் எழுதவில்லை. கிட்டாரை எடுத்தாலே அந்த ஐந்து பாடல்கள்தான் வருகின்றன என்றார். அவர் கையில் எடுத்த எண்ணிக்கை அவருக்கு ஒரு உண்மையைக் காட்டியது, கூடவே ஆளையும் வாட்டியது. எண்ணிக்கை உயர்ந்ததை மட்டும் சொல்லி இந்தப் பகுதியை விட்டுவிடுவது நேர்மையாகாது.

பாடகி மாறுபட்ட வழியில் போனார். இரவுப் பணி முடிந்து வீடு திரும்பும் பஸ் பயணத்தில் ஆசிரியையின் வரிகளை வைத்துக்கொண்டு மெட்டுத் தேடுவார். வீடு சேருமுன் முதல் சரணம் வரை போகாவிட்டால் அந்த வரிகளை விட்டுவிடுவார். அந்தக் கைவிடும் பழக்கம்தான் அவருக்கு வேகத்தைக் கொடுத்தது என்று நினைக்கிறேன். மற்றவர்கள் எதையும் கைவிடுவதில்லை. கோப்பில் போட்டு வைக்கிறார்கள்.

கீபோர்டுக்காரர் பாட்டு எழுதுவதிலிருந்து விலகினார். மனக்கசப்பு இல்லை. எனக்குப் பிடித்தது பதிவும் ஒலியும்தான், மூன்று ஆண்டுகளாக அதைப் பாட்டுக் கட்டும் நேரத்தில் செய்துகொண்டிருந்தேன் என்று அவரே சொன்னார். மே முதல் டிசம்பர் வரை, தேர்வான ஏழில் ஐந்து பாடல்களை முழுமையாகப் பதிவு செய்து முடித்தார். முன்பு ஒரு பாடலையும் அவர் இப்படி முடித்ததில்லை. சரணம் இல்லாத பாடலுக்கு ஸ்னேர் தேடியவர், இப்போது சரணத்தோடு வந்த பாடலுக்குத் தேடுகிறார். இன்னமும் ஒரு மணி நேரம்தான் ஆகிறது. ஆனால் பதிவு முடிகிறது.

ஞாயிறு மாலைகளும் மாறின. முதல் ஒரு மணி நேரம் புதியது, கணினி அணைந்திருக்கும். அடுத்து வாசிப்பு. பதிவு வேலை வேறு நாளுக்குப் போய்விட்டது. அன்று பாடுகிறவரும் கீபோர்டுக்காரரும் மட்டும் இருந்தால் போதும்.

## மாற்றிச் செய்ய வேண்டியவை

எண்ணிக்கை இலக்கைத் தனி ஆளுக்கு வைப்பதைத் தவிர்க்கச் சொல்வேன். குழுவுக்கு வைத்த 14, ஒருவர் தளரும் வாரத்தில் மற்றவரால் நிரம்பியது. தனியாக வைத்த 14 ஒருவரை ஏழு மாதம் நிறுத்திவைத்தது. தனியாகச் செய்கிற ஒருவர் இதைப் படித்தால், மாதத்துக்கு நான்கு போதும் என்பது என் கணிப்பு. தன்னைத் திரும்பச் சொல்வது தெரிய அதுவே தாராளம்.

வாத்தியத்தை முதல் வாரத்திலேயே மாற்ற வேண்டும். கிட்டார்காரர் வாயால் பாடத் தொடங்கியது மனம் நொந்த பிறகு. இரண்டாவது பாடலிலேயே கருவியை மாற்றுவது, வேறு சுருதியில் தொடங்குவது, ஆறெட்டு நடையில் முயல்வது என்று விதியாகவே வைத்திருந்தால் அந்த ஞாயிறு அவ்வளவு கசந்திருக்காது.

'முடிந்தது' என்பதன் வரையறை எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கீபோர்டுக்காரருக்கு அது பொருந்தவில்லை. அவரிடம் ஒரு மாதம் இடையிசைகளை மட்டும், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்தில் முடியும்படி, கேட்டிருக்கலாம். அவர் விலகியிருக்கமாட்டாரா என்றால் தெரியாது. ஆனால் அவருடைய மாதம் வெறுமையாகப் போயிருக்காது.

குறை சொல்லக் கூடாது என்ற விதி இரண்டு வாரத்துக்குச் சரி, நான்கு வாரத்துக்கு நீளம். மூன்றாம் வாரத்தில் ஒருவருக்கொருவர் ஒரே ஒரு குறையைச் சொல்ல அனுமதிக்கலாம். தாளக்காரர் போன்ற நாவன்மை எல்லோருக்கும் இல்லை.

பழைய துண்டுகளைப் பூட்டி வைத்தது பலன் தந்தது. அதை மாற்ற வேண்டாம். ஆண்டு முடிவில் அந்த இருநூறில் ஒன்பது பயன்பட்டிருந்தன. மற்றவற்றை அழித்துவிடலாமா என்ற பேச்சு எழுந்து, பாடகியைத் தவிர மற்ற நால்வரின் எதிர்ப்பில் அடங்கியது.

அடுத்த பிப்ரவரிக்கான இலக்கு பத்துப் பாடல்கள். ஆளுக்கு ஒரு பாடலாவது இன்னொருவரோடு சேர்ந்து ஒரே அமர்வில் செய்ய வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. ஆறு பழைய பாடல்களில் ஐந்தாவது வந்த விதம் அது. ஆசிரியை தன் பங்குக்கு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: வாரத்துக்கு ஒரு தத்தகாரத்துக்கு மேல் அனுப்பினால் கேட்கமாட்டாராம், மெட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும்.